வார்டு கவுன்சிலருக்கு நிற்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

2011 முதல் 2016 வரை ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஒரு பேரூராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தேன். கட்சி கிடையாது, சுயேச்சை. வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழில் பார்க்கிறவர். நான் அதற்கு முன்னால் நண்டுக் கம்பெனியில் சதை எடுக்கிற வேலை பார்த்தேன். உள்ளாட்சித் தேர்தல் பற்றி எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டார். வாசகர் கடிதங்கள் இருந்தால் கொடுங்கள், அதற்கே பதில் எழுதிவிடுகிறேன் என்றேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. வீட்டில் மிஷின் போட்டுத் தைக்கிறேன். எங்கள் தெரு, கருவாடு காயப்போடுகிற இடத்துக்குப் பின்னால் கடைசித் தெரு. ஐப்பசி, கார்த்திகையில் மழைத்தண்ணீர் பத்து நாளைக்கு மேல் வாசலில் நிற்கும். ஏழு கம்பத்தில் இரண்டில்தான் லைட் எரிகிறது. காவிரித் தண்ணீர் எங்கள் குழாய்க்கு வரும்போது நூல் மாதிரி வரும். குடம் விலைக்கு வாங்கித்தான் குடிக்கிறோம். ஓட்டுக் கேட்டு வந்ததோடு சரி, அப்புறம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தெருப் பெண்கள் என்னை நிற்கச் சொல்கிறார்கள். எனக்கு மேடையில் பேச வராது. நிற்கலாமா?
— பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

அக்கா என்று எழுதியிருப்பதால் நீ என்றே எழுதுகிறேன் தங்கச்சி. நில். மேடைப் பேச்சு வராதது ஒரு குறையே இல்லை. பேரூராட்சி வார்டு சின்னது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பேசிவிடலாம். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களோடு நீ பேசுகிற பேச்சே போதும்.

ஆனால் தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதே. இன்றைக்கே உன் தெரு வாய்க்காலைத் தெரிந்துகொள்ள ஆரம்பி. ஏன் சொல்கிறேன் என்றால், நான் அதைச் செய்யாமல் போய் உட்கார்ந்தேன்.

எங்கள் தெருவிலும் மழைத்தண்ணீர் நிற்கும். வாய்க்கால் கட்டிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நம்பினேன். கூட்டத்துக்குக் கூட்டம் வாய்க்கால், வாய்க்கால் என்று கேட்டு வாங்கியும் விட்டேன். சிமெண்ட் வாய்க்கால், இரண்டு பக்கமும் சுவர், பார்க்க நன்றாக இருந்தது. அந்த வருஷ மழையில் தண்ணீர் முன்னைவிட அதிகமாக நின்றது. வாய்க்கால் நிறைந்து தெருவுக்குள் வழிந்தது. எனக்கு ஓட்டுப் போட்ட ஒரு பாட்டி, நனைந்த அரிசிச் சாக்கைத் திண்ணைமேல் தூக்கி வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் வலையில் கட்டுகிற மிதவைக் கட்டை ஒன்றை எடுத்துப் போய் வாய்க்காலில் போட்டேன். கடலைப் பார்த்துப் போக வேண்டிய கட்டை நின்ற இடத்திலேயே சுற்றியது. அப்புறம் மெதுவாகத் திரும்பி, ஊர்ப்பக்கமாக வந்து என் காலடியில் ஒதுங்கியது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், கடலுக்குப் போய் ஓய்ந்தவர், பார்த்துக்கொண்டிருந்தார். "கடல்தண்ணி ஏறுற நேரம் தாயி, இப்ப எப்படி வெளிய போகும்? வத்துறப்ப போட்டுப் பாரு" என்றார். மத்தியானம் தண்ணீர் வற்றும்போது போட்டேன். கட்டை கடல் பக்கமாக முப்பது அடி போய் நின்றது. அங்கே கம்பை விட்டுப் பார்த்தால் முழங்கை ஆழத்துக்கு மணல். ஆனி, ஆடி கச்சான் காற்றில் கரை மணல் பறந்து வந்து வாய்க்கால் வாயை அடைத்திருக்கிறது. அதற்கப்புறம் என் தம்பிமுறை கொத்தனார் ஒருவரைக் கூட்டி வந்து, தண்ணீர் நிரப்பிய டியூப்பை வைத்து மட்டம் பார்க்கச் சொன்னேன். கடல் பக்கத்து முனை, தெரு நடுவில் இருக்கிற வாய்க்காலைவிட நாலு அங்குலம் உயரம். வாட்டமே, அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவே, இல்லாமல் கட்டியிருக்கிறார்கள். வாய்க்காலுக்கு வாட்டம்தானே உயிர்?

இதையெல்லாம் ஒரு முழுத்தாளில் எழுதினேன். எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கடல் ஏறியது, எந்த வீட்டு வாசலில் எத்தனை அங்குலம் தண்ணீர் நின்றது, மட்டம் எவ்வளவு. கூட்டத்தில் "எங்கள் வார்டுக்கு வாய்க்கால் வேண்டும்" என்று கேட்டபோது கிடைத்த பதில் "பார்க்கலாம்". அந்தத் தாளைக் கொடுத்துவிட்டுக் கேட்டபோது பொறியாளர் நேரில் வந்தார். இரண்டு தீர்மானம் கேட்டேன். ஒன்று, வருஷா வருஷம் புரட்டாசி முதல் வாரத்தில் வாய்க்கால் வாயில் மணல் அள்ள வேண்டும். அது சில ஆட்களின் இரண்டு நாள் வேலைதான், உடனே நடந்தது. இரண்டாவது, கடைசி முப்பது அடியை இடித்து வாட்டத்தோடு கட்ட வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் ஆனது. இப்போதும் பள்ளத்தில் இருக்கிற மூன்று வீட்டுக்குத் தண்ணீர் வருகிறது. மற்ற வீடுகளில் மறுநாளே வடிந்துவிடும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மழைத்தண்ணீர் வேறு, வீட்டுக் கழிவுநீர் வேறு. வாய்க்கால் கிடைத்ததும் எல்லாரும் குளியலறைத் தண்ணீரையும், சில வீடுகளில் கக்கூஸ் தண்ணீரையும் அதில் திருப்பிவிடுவார்கள். அது போய்ச் சேருகிற இடத்தில்தான் நம் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி எடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் வலை இழுக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்கா என்று அறிவித்துப் பாதுகாக்கிறது அரசு. நாம் கரையிலிருந்து சாக்கடையை விட்டால் அந்தப் பாதுகாப்புக்கு என்ன அர்த்தம்? கழிவுநீரை மண்ணுக்குள் இறக்குகிற உறிஞ்சுகுழி, மணல் பூமியில் நன்றாகத் தண்ணீர் இழுக்கும். ஆனால் பக்கத்தில் குடிநீர் ஊற்றோ கிணறோ இருந்தால் அங்கே தோண்டக் கூடாது. நம் மண்ணில் கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர் ஊறும், அழுக்கும் அதோடு கலந்துவிடும். சிரட்டையால் ஊற்றுத் தண்ணீர் கோரிக் குடம் நிறைத்த ஊர்க்காரிகள் நாம். இதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, நாம்தான் கூட்டத்தில் சொல்ல வேண்டும்.

குழாய்க்கும் இதே வேலைதான். தண்ணீர் திறந்துவிடுகிறவர் எத்தனை மணிக்கு வால்வைத் திறக்கிறார், உன் தெருக் கடைசிக் குழாயில் முதல் சொட்டு எத்தனை மணிக்கு விழுகிறது, ஒரு குடம் நிறைய எத்தனை நிமிஷம். ஒரு மாதம் நோட்டில் எழுது. கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறாததற்குப் பெரும்பாலும் காரணம், முன்தெருக்களில் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுவது. அதைச் சொன்னால் பகை வரும். வரட்டும். லைட்டுக்கு ஒவ்வொரு கம்பத்து நம்பரையும் குறித்துக்கொள். "எங்கள் தெருவில் லைட் எரியவில்லை" என்பது புலம்பல். "இந்த நம்பர் கம்பம் இந்தத் தேதியிலிருந்து எரியவில்லை" என்பது புகார். உப்புக்காற்றில் பெட்டியும் கம்பியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் நம் பக்கம் இதை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

ஜெயித்த பிறகு என்ன அதிகாரம் என்று கேட்பாய். செக்கில் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் வார்டு உறுப்பினருக்கு இல்லை. பேரூராட்சியில் நிர்வாகம் செயல் அலுவலர் கையில், நகராட்சியில் ஆணையர் கையில். உன் கையில் இருப்பது மன்றக் கூட்டம். அங்கே ஒரு விஷயத்தை விவாதப் பொருளாக வைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம், விவாதிக்கலாம், தீர்மானப் புத்தகத்தில் ஏற வைக்கலாம். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். தெரு, வாய்க்கால், விளக்கு, குடிநீர் விநியோகம், குப்பை, சுடுகாடு, இவை உள்ளாட்சி வேலை. பட்டா வருவாய்த்துறை, படகு நிறுத்துகிற ஜெட்டி மீன்வளத்துறை. ஓட்டுக் கேட்கும்போது பட்டா வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிடாதே. உன்னால் முடியாததைச் சொல்லி வாங்குகிற ஓட்டு ஐந்து வருஷம் உன்னைக் குத்தும். பட்டாவுக்கு மனு எழுதிக் கொடுத்து, திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸுக்குக் கூடவே வருகிறேன் என்று சொல், அது உண்மை.

கேள்வி: வெளிநாட்டில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். கட்சி இல்லாமல் நகராட்சி வார்டுக்கு நிற்க விருப்பம். என்ன தகுதி, எவ்வளவு செலவு?
— ஒரு வாசகர், கீழக்கரை

21 வயது முடிந்திருக்க வேண்டும், அந்த நகராட்சியின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். அண்ணனுக்கு முதல் வேலை அதுதான். வெளிநாட்டில் இருந்தவர்களின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பதை இப்போதே பாருங்கள். ஒரு வார்டில் ஓட்டு இருந்து அதே நகராட்சியின் இன்னொரு வார்டிலும் நிற்கலாம். உங்களை முன்மொழிகிறவர் மட்டும் நீங்கள் நிற்கிற வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும்.

2022 தேர்தலில் டெபாசிட் பேரூராட்சி வார்டுக்கு 1,000 ரூபாய், நகராட்சி வார்டுக்கு 2,000, மாநகராட்சி வார்டுக்கு 4,000. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அதில் பாதி. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்குமேல் வாங்கினால் திரும்பக் கிடைக்கும். செலவு உச்சவரம்பு பேரூராட்சிக்கு 17,000, முதல்நிலை மற்றும் இரண்டாம் நிலை நகராட்சிக்கு 34,000, தேர்வுநிலை மற்றும் சிறப்புநிலை நகராட்சிக்கு 85,000 என்று இருந்தது. அடுத்த அறிவிப்பில் மாறலாம், அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தோற்றாலும் ஜெயித்தாலும் செலவுக் கணக்கைக் கட்டாயம் கொடுத்துவிடுங்கள். கொடுக்காதவர்கள் அடுத்த தேர்தலில் நிற்க முடியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கி இருந்தால் இன்றே கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மனுப் பரிசீலனையில் எதிராளி முதலில் கிளப்புவது அதைத்தான். உங்கள் பெயரிலோ, கூட்டிலோ நகராட்சிக் கான்ட்ராக்ட் எதுவும் இருக்கக் கூடாது.

ஓட்டுக்குப் பணம் கொடுக்காமல் ஜெயிக்க முடியுமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் 2011-ல் ஒரு பைசா கொடுக்கவில்லை, ஜெயித்தேன். 2022-லும் கொடுக்கவில்லை, தோற்றேன். மறுபடி நின்றாலும் கொடுக்க மாட்டேன். கொடுத்தவர் அதைத் திரும்ப எடுக்கப் பார்ப்பார். வாய்க்கால் சுவரில் சிமெண்ட் குறைவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கேள்வி: எங்கள் வார்டு பெண்கள் வார்டாக வரும் என்கிறார்கள். என்னை நிற்கச் சொல்லிவிட்டு, "நீ கையெழுத்து மட்டும் போடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் கணவர். என்ன செய்வது?
— ஒரு வாசகி, ராமநாதபுரம்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனசு கொதித்தது. தமிழ்நாட்டில் 2016-ல்தான் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தது. அதற்குமுன் மூன்றில் ஒரு பங்கு. கவுன்சிலரின் கணவர் ஆபீஸில் நாற்காலி போட்டு உட்காருவதற்காக இந்தச் சட்டம் வரவில்லை.

மன்றத்தில் போடுகிற கையெழுத்து உங்களுடையது. கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். அதை அவரிடம் நிதானமாகச் சொல்லுங்கள். அவருக்கும் அது புரியும்.

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்விடுவார். அதனால் முதல் கூட்டத்துக்கே நான் தனியாகத்தான் போனேன். முதல் சில மாதங்கள் ஒன்றும் விளங்கவில்லை. கூட்டத்துக்கு முன்னால் வருகிற அஜெண்டாவை, அடுப்பு வேலை முடிந்ததும் பக்கத்து வீட்டு பி.காம் படிக்கிற பெண்ணை உட்காரவைத்து, ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்வேன். ஒருமுறை தெருவிளக்குச் சாமான் வாங்கிய செலவுக்கு ஒப்புதல் என்று ஒரு விவாதப் பொருள் அதில் இருந்தது, நாற்பது பல்பு. என்னிடம் கம்ப நம்பர் பட்டியல் இருந்தது. என் வார்டில் அந்த மாதம் ஒரு பல்புகூட மாற்றவில்லை. கூட்டத்தில் எழுந்து, நாற்பதும் எந்தெந்தக் கம்பத்தில் மாட்டியது என்று மட்டும் கேட்டேன். குரல் நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை. அடுத்த வாரம் எங்கள் தெருவில் நாலு கம்பத்தில் விளக்கு எரிந்தது. கையெழுத்து மட்டும் போட்டிருந்தால் அந்த நாலு கம்பமும் இருட்டாகவே இருந்திருக்கும்.

கணவர் உதவட்டும். போஸ்டர் ஒட்டட்டும், வண்டியில் கொண்டுவந்து விடட்டும். மன்றத்துக்குள் நீங்கள் போங்கள். இன்னொன்று, உங்கள் வார்டு பெண்கள் வார்டாக வராமல் பொது வார்டாகவே இருந்தாலும் நீங்கள் நிற்கலாம். பொது என்றால் ஆண்களுக்கு என்று அர்த்தம் இல்லை.

கேள்வி: எங்கள் ஊருக்கும் இதே விதிகள்தானா?
— ஒரு வாசகர், பாம்பன்

இல்லை. பாம்பன் ஊராட்சி. அங்கே தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள், வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. நகராட்சி, பேரூராட்சியில் 2022-ல் மக்கள் வார்டு உறுப்பினரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், அவர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். உங்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இந்த நாட்களில் தவறாமல் போய் உட்காருங்கள்.

கேள்வி: கவுன்சிலருக்குச் சம்பளம் உண்டா?
— ஒரு வாசகர், பரமக்குடி

2023 ஜூலை முதல் மதிப்பூதியம் உண்டு. பேரூராட்சி உறுப்பினருக்கு மாதம் 2,500 ரூபாய், நகராட்சி உறுப்பினருக்கு 5,000, மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000. எங்கள் காலத்தில் கூட்டத்துக்குப் போனால் கிடைக்கிற சின்னப் படி மட்டும்தான். அலைச்சலுக்கு ஆட்டோவும் ஜெராக்ஸும் என் கைக்காசு. இந்த ஊதியம் வந்தது நல்லது. கூலி வேலை பார்க்கிற ஒரு பெண் கூட்டத்துக்காக ஒரு நாள் வேலையை விடுவது லேசான காரியம் இல்லை.

கேள்வி: 2022-ல் நின்று கொஞ்ச ஓட்டில் தோற்றேன். இனி என்ன செய்ய?
— ஒரு வாசகி, தொண்டி

நானும் அதே தேர்தலில் தோற்றவள்தான் தங்கச்சி. 2016 அக்டோபரில் எங்கள் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். இடையில் ஐந்து வருஷத்துக்குமேல் உறுப்பினர்களே இல்லை, தனி அலுவலர்கள்தான். கேட்க ஆள் இல்லாத அந்த வருஷங்களில் புரட்டாசி மணல் அள்ளுவது நின்றுபோனது. வாய்க்கால் வாய் மறுபடி அடைத்துக்கொண்டது. மூன்றாவது வருஷம் நானும் தெருப் பெண்கள் எட்டுப் பேரும் மண்வெட்டியும் அன்னக்கூடையும் எடுத்துப் போய் நாங்களே அள்ளினோம். பதவி இல்லாமலும் செய்ய முடிகிற வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

இப்போது நகரங்களிலும் பகுதி சபா இருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று ஆரம்பித்தார்கள். ஊராட்சிக்குக் கிராம சபை மாதிரி, நமக்கு இது. உங்கள் பகுதிக்கு எப்போது கூட்டுகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கூட்டவில்லை என்றால் ஏன் கூட்டவில்லை என்றும் எழுத்தில் கேளுங்கள். உங்களைத் தோற்கடித்தவர் மேடையில் இருப்பார், சங்கடமாகத்தான் இருக்கும். எங்கள் வார்டில் என்னைத் தோற்கடித்த பெண்ணிடம் என் பழைய நோட்டைக் கொடுத்தேன். கம்ப நம்பர், வால்வு திறக்கிற நேரம், மணல் அள்ளுகிற வாரம், எல்லாம் அதில் இருக்கிறது. முதலில் வாங்கத் தயங்கினார். போன புரட்டாசியில் மணல் அள்ளுகிற இடத்துக்கு அவரே வந்து நின்றார், கையில் அந்த நோட்டு இருந்தது.